சீட்டித் துணியின் பூவும் குற்றாலத்துப் பூவும்

ஆனி பிறந்து, பொதிகைச் சாரலில் மேகம் கவிந்து, குற்றாலத்தில் நீர் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமைக்கே ஒரு புதுக்களை வந்துவிடுகிறது. குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். அருவியில் நீராடி, நனைந்த துணியோடு நடுங்கியபடி கடைவீதிக்குத் திரும்புகின்றனர். அங்கே துண்டும் கைலியும் சேலையும் போர்வையும் கயிற்றில் தொங்குகின்றன. அவற்றில்தான் எத்தனை பூக்கள்! கொடியில் பூத்தவை, கொத்தாகப் பூத்தவை, தூவினாற்போல் சிதறிக் கிடப்பவை!

கண்ணைச் சற்று உயர்த்தினால் மலை. அங்கும் பூக்கள் உண்டு. ஆனால் கடையில் தொங்கும் துணியிலுள்ள பூவை அந்த மலையில் தேடினால் கிடைக்காது. மலையில் பூத்திருப்பதைத் துணியில் தேடினாலும் கிடைக்காது. அப்படியானால் இந்தத் துணிப்பூ எந்தச் செடியில் பூத்தது? யாருடைய கையில் பூத்தது?

சிறு வினாதான். எனினும் அதன் விடையைத் தேடிப் புறப்பட்டால் மலாக்காவுக்கும் இலண்டனுக்கும் சென்று மீண்டும் இதே குற்றாலத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த நெடுவழி முழுவதிலும் ஓர் உண்மை நம்மைத் தொடர்ந்து வருகிறது. அந்தப் பூவுக்கு உரிமை கொண்டாடியவர் பலர். அதை வரைந்த கைக்கோ ஏட்டில் இடமில்லை. இந்த உண்மை நம் சமுதாயத்தை நேராகத் தொடுகிறது. ஏனெனில் தென்காசி வட்டார முஸ்லிம்களில் கணிசமானோர் தறியோடு பிறந்து தறியோடு வளர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

கட்டமும் பூவும்

கடையநல்லூர் முதலிய ஊர்களில் நெசவு ஒரு காலத்தில் முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுத் தொழிலாக விளங்கியது. அந்தத் தறியின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது நலம்.

தறியில் நீளவாட்டில் ஓடும் நூலைப் பாவு என்கிறோம். குறுக்கே ஓடும் நூல் ஊடை. பாவில் இடையிடையே நிறநூல் சேர்த்தால் கோடு பிறக்கிறது. ஊடையிலும் அவ்வாறே சேர்த்தால் கட்டம் பிறக்கிறது. ஆகவே கோடும் கட்டமும் தறிக்குத் தாய்மொழி போன்றவை. பூவோ வளைவுடையது. நேர்வழியில் மட்டுமே செல்லத் தெரிந்த நூலைக்கொண்டு வளைவை உண்டாக்க வேண்டுமானால், ஒவ்வோர் இழையிலும் தனி நூலைக் கையால் கோத்துச் செல்ல வேண்டும். அல்லது அதற்கென அமைந்த கருவி வேண்டும். பூ வேலைக்குப் பேருதவி புரிந்த ஜக்கார்டு கருவி 1804ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சு நாட்டில்தான் உருவாயிற்று. ஆகவே அன்றாட உடுப்புக்கு நெய்யும் நெசவாளர் கட்டத்தோடு நின்றார். கைலி என்றவுடன் நம் கண்முன் கட்டம் வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

பூவை வேறொரு கூட்டம் வளர்த்தது. நெய்து முடித்த வெள்ளைத் துணியை வாங்கி, அதன்மேல் எழுதுகோலால் பூ வரைந்து சாயமேற்றும் கலைஞர்கள் அவர்கள். மசூலிப்பட்டினம் தொடங்கிப் பழவேற்காடு, சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் என நீளும் சோழமண்டலக் கரையும், அதையொட்டிய உள்நாட்டு ஊர்களும் அவர்களுடைய பூந்தோட்டமாக இருந்தன. நம் உம்மாமார் 'சீட்டித் துணி' என்று சொல்வார்களே, அந்தச் சீட்டி இதுதான். ஆங்கிலேயர் 'சிண்ட்ஸ்' என்பதும், மலாய் மக்கள் 'சித்தா' என்பதும் இச்சொல்லின் உடன்பிறப்புகளே. ஒரு பொருள் எங்கெங்கே சென்றது என்பதற்குக் கப்பற்கணக்கைவிட மொழி நல்ல சாட்சி!

பூ பிறந்த விதம்

அக்காலத்துச் சீட்டித் துணி ஒன்றைச் செய்து முடிக்கும் வேலை எளிதன்று. வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்தினார்கள். பாலிலுள்ள கொழுப்பு, வரையும் நீர் துணியில் கசிந்து பரவாமல் தடுத்தது. பிறகு தாளில் பூவடிவம் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, அதன்மேல் கரித்தூளைத் தட்டி வடிவத்தைத் துணியில் இறக்கினார்கள். இரும்பும் பனைவெல்லமும் ஊறிப் புளித்த நீர் கறுப்புக் கோட்டைத் தந்தது.

சிவப்பில்தான் வியப்பு இருக்கிறது. கலைஞர் வரைந்தது சிவப்பு மையினால் அன்று. ஏறத்தாழ நிறமற்ற படிகார நீரினால். வரைந்த துணியைச் சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைத்ததும், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயம் பற்றிக்கொண்டு செம்மலர்கள் எழுந்தன. கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத ஒன்றை நம்பி வரைந்த கைகள் அவை. நீலம் வேண்டாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடித் துணியை அவுரித் தொட்டியில் முக்கினார்கள். இலைக்குப் பச்சை வேண்டுமென்றால் நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினார்கள். அந்த மஞ்சள் காலப்போக்கில் மங்கிவிடும். இன்று அயல்நாட்டுக் காட்சிச்சாலைகளிலுள்ள பழஞ்சீட்டிகளில் இலைகள் பலவும் நீலமாகவே காணப்படுவதன் காரணம் இது. சிவப்பும் நீலமுமோ முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் மங்கவில்லை.

இந்தக் கலைக்குக் 'கலம்காரி' என்னும் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. எழுதுகோலைக் குறிக்கும் 'கலம்' என்ற சொல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. சேலைக் கடையில் நாம் கேட்கும் 'புட்டா'வும் செடியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழியே வந்ததுதான். பேரரசர் ஜஹாங்கீர் 1620ஆம் ஆண்டு காஷ்மீர் சென்றபோது, உஸ்தாத் மன்சூர் என்னும் ஓவியர் அந்நாட்டு மலர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தீட்டினார் எனப் பேரரசரே தம் நினைவேட்டில் பதிந்து வைத்தார். அதன்பின் முகலாயர் கட்டடங்களிலும் ஏடுகளிலும் துணிகளிலும் தனித்து நிற்கும் பூச்செடி ஓர் அடையாளமாகவே ஆயிற்று. அச்செல்வாக்கு கோல்கொண்டா வழியாகச் சோழமண்டலக் கரைக்கும் இறங்கிற்று.

ஆயினும் பூ வடிவமே வடக்கிலிருந்துதான் நமக்கு வந்தது என்று கருதிவிடலாகாது. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழம் பள்ளிவாசல்களுக்குச் சென்று கல்தூண்களைப் பாருங்கள். தென்காசிக்கு அண்மையிலுள்ள பொட்டல்புதூர்ப் பள்ளியும் அதே தமிழ்க் கட்டட மரபில் எழுந்ததுதான். கோயில் தூணில் தெய்வ உருவம் செதுக்கப்பட வேண்டிய இடத்தில், பள்ளித் தூணில் தாமரையும் கொடியும் பூமுனைப் போதிகையும் காணப்படுகின்றன. உருவம் வேண்டாம் என்றதும், தமிழ்ச் சிற்பியின் உளி தனக்கு ஏற்கெனவே நன்கு தெரிந்த பூவை நோக்கித் திரும்பிக்கொண்டது. இரு மரபுகள் ஒன்றையொன்று அழிக்காமல் சந்தித்த இடம் பூ.

மலாக்காவிலிருந்து வந்த தூதர்

இப்பூத்துணி கடல் கடந்தது. கொண்டு சென்றவர்களில் நம் மரைக்காயர் வணிகர்கள் முன்வரிசையில் நின்றார்கள். மலாய் மக்களிடையே இன்றும் வழங்கும் 'பெலேகாத்' என்னும் கட்டக் கைலி, பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி நிற்பது. நெய்த ஊரோ நெய்த கையோ அன்று, ஏற்றிய துறையே துணிக்குப் பெயராயிற்று என்பதை ஈண்டு கவனிக்க வேண்டும்.

பூத்துணியைப் பற்றி 'செஜாரா மலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலில் ஒரு சுவையான கதை உண்டு. மலாக்காவின் கடைசி சுல்தானான மஹ்மூது ஷா, 40 வகைப் பூத்துணிகளை வாங்கிவர ஹங் நாதிம் என்னும் வீரரை 'கெலிங்' நாட்டுக்கு அனுப்பினார். நம் கீழைக்கரைப் பகுதியை மலாய் மக்கள் அவ்வாறு அழைத்தனர். இங்குள்ள ஓவியர்கள் எத்தனையோ வடிவங்களை வரைந்து காட்டியும் தூதருக்கு நிறைவு ஏற்படவில்லையாம். இறுதியில் அவரே தாளை வாங்கித் தம் மனத்திலிருந்த பூவை வரைந்து காட்டினாராம். நம்மவர் வியந்து நின்றனராம். துணிகள் ஆயத்தமாகித் திரும்பும் வழியில் கப்பல் மூழ்கிற்று. மிகச் சில துணிகளே மன்னரிடம் போய்ச் சேர்ந்தன.

இது நிகழ்ந்ததா, புனைந்ததா என்று ஆராய்வது ஒருபுறம் இருக்கட்டும். கதையின் உட்பொருளைக் காண வேண்டும். வாங்குகிறவரின் நாட்டில் எழுதப்பட்ட கதை இது. ஆகவே பூவைக் கற்பித்த பெருமை வாங்கியவருக்குப் போயிற்று. தூதரின் பெயர் நிலைத்தது. துணியில் அந்தப் பூவை உண்மையில் எழுதிச் சாயமேற்றிய ஓவியர் எவருடைய பெயரும் அதில் இல்லை.

இலண்டன் சுவரில் நம் துணி

மலாக்கா வணிகருக்குப் பின் ஐரோப்பியர் வந்தனர். அவர்களும் அதையே செய்தனர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்கள் 1643ஆம் ஆண்டிலேயே சூரத்திலிருந்த தம் முகவர்களுக்கு எழுதி, செந்நிறத் தளத்தைக் குறைத்து வெள்ளைத் தளத்தில் பூவும் கிளையும் அமையச் செய்யுமாறு கேட்டனர். பின்னர் மாதிரிப் படங்களையே அனுப்பலாயினர். நம் ஓவியர் அவற்றைக் கண்டு, தமக்குத் தெரிந்ததையும் கலந்து வரைந்தனர். பாறையிலிருந்து எழும் ஒற்றை மரம், அதன் வளைந்த கிளைகளில் ரோஜா போன்ற ஒன்று, தாமரை போன்ற ஒன்று, சீனத்துப் பூ போன்ற ஒன்று என எல்லாம் ஒரே மரத்தில் பூத்தன. உலகில் எந்த மண்ணிலும் முளைக்காத அந்த மரத்தில் பாரசீகமும் சீனமும் ஐரோப்பாவும் தமிழகமும் சேர்ந்திருந்தன. குற்றால மலையில் துணிப்பூவைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது.

இத்துணி முதலில் உடுப்பாக மட்டும் பயன்படவில்லை. இலண்டன் கடற்படை அலுவலரான சாமுவேல் பீப்ஸ், தம் மனைவியின் படிப்பறைச் சுவரை மூடுவதற்காக இந்தியச் சீட்டி வாங்கியதை 1663 செப்டம்பர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குளிர்நாட்டில் சுவரைத் துணியால் போர்த்துவது வழக்கம். துணி வாங்க வசதியில்லாதவர்களுக்காகச் சீட்டியைப் போலவே பூ அச்சிட்ட தாள்கள் பெருகின. இன்று நாம் சுவர்த்தாள் என்று சொல்வதன் மூதாதையர்களில் சீட்டியும் ஒன்று. நம் நாட்டிலோ குற்றாலத்துச் சித்திரசபையில் காண்பதுபோல் சுவரிலேயே நேராக வண்ணம் தீட்டினார்கள். ஈரக்காற்று வீசும் மண்ணில் தாளை ஒட்டி வைக்க எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நம் பூவுக்கு அங்கே எழுந்த வரவேற்பு அங்குள்ள நெசவாளரின் வயிற்றில் அடித்தது. பிரான்சு 1686ஆம் ஆண்டு பூத்துணிக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டு இறக்குமதிக்குத் தடைச் சட்டம் இயற்றிற்று. அதுவும் போதாமல் 1719ஆம் ஆண்டு இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர்கள் கலகம் செய்தனர். தெருவில் சீட்டி உடுத்துச் சென்ற பெண்களின் ஆடையைக் கிழித்தனர், அமிலத்தையும் வீசினர். 1721ஆம் ஆண்டில் அத்துணியை உடுப்பதற்கே தடை வந்தது. அக்கொடுமையை நாம் ஏற்க முடியாது. ஆனால் வேலையிழந்து பசித்த நெசவாளரின் நிலையைத் தென்காசிச் சீமையைச் சேர்ந்த நாம் புரிந்துகொள்ள முடியும்.

தடை ஒருபுறம் இருக்க, கலையைக் கற்கும் முயற்சி மறுபுறம் நடந்தது. புதுச்சேரிப் பகுதியில் வாழ்ந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாயத் தொழிலில் தேர்ந்த தம் சபையினரிடம் நுணுகி நுணுகிக் கேட்டறிந்து, 1742ஆம் ஆண்டு ஒரு நீண்ட கடிதத்தில் அத்தனை செய்முறையையும் தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில், எழுத்து வடிவில் கப்பலேறிற்று. கடிதம் எழுதியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் நிற்கவில்லை.

1760ஆம் ஆண்டு பிரான்சின் ஜூயி என்னும் ஊரில் பூத்துணி அச்சுத் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்து, தன் நாட்டு ஆலைத்துணிக்கு வழிவிட்டு 1774ஆம் ஆண்டு தடையை நீக்கிற்று. 1783ஆம் ஆண்டு தாமஸ் பெல் என்பவர் உருளையால் துணி அச்சிடும் முறைக்கு உரிமம் பெற்றார். 1839ஆம் ஆண்டு லங்காஷயரின் டார்வென் நகரத் துணி அச்சுக்காரர்கள் அதே உருளை முறையைச் சுவர்த்தாளுக்கும் பொருத்தினர். ஒரு பூவுக்கு ஒரு நாள் செலவிட்ட கையோடு, ஒரு நாளில் பல்லாயிரம் பூக்களைக் கொட்டும் உருளை போட்டியிட்டது.

குற்றாலத்துப் பூவை வரைந்தவர்

இதே காலத்தில்தான் நம் குற்றாலம் கதைக்குள் வருகிறது. ஏற்கெனவே கும்பினியார் இங்கு ஜாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களை வளர்த்துப் பார்த்திருந்தனர். 1830களின் நடுப்பகுதியில், பாளையங்கோட்டையிலிருந்த கும்பினிப் படையின் மருத்துவரான இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், குற்றால மலைக்கு வந்து செடிகொடிகளைத் திரட்டினார். 1819ஆம் ஆண்டு இந்தியா வந்த அவர், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதியவர்களில் தலைசிறந்தவராகக் கருதப்படுகிறார். 1838 முதல் 1853 வரை சென்னையில் அவர் வெளியிட்ட தாவரப் படத்தொகுதி ஆறு பாகங்களையும் 2,100க்கு மேற்பட்ட படங்களையும் கொண்டது.

அந்தப் படங்களை வரைந்தவர் வைட் அல்லர். முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து ஆகிய இரண்டு இந்திய ஓவியர்கள் வரைந்தனர். சீட்டி ஓவியரின் பூவுக்கும் இவர்களுடைய பூவுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குங்கள். சீட்டிப் பூ கற்பனையில் மலர்ந்தது. அதற்கு எத்தனை இதழ் என்று கேட்பவர் இல்லை. ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்த பூவிலோ இதழும் மகரந்தத் தண்டும் எண்ணிக்கை தவறக்கூடாது. சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தோன்றும் என்பதையும் ஓரத்தில் வரைந்தாக வேண்டும். இரண்டுக்கும் வேண்டிய கைத்திறம் மட்டும் ஒன்றே: நடுங்காத கோடு, அளவறிந்த வளைவு, வெற்றிடத்தை விட்டுவைக்கும் பொறுமை.

அச்சிட்ட படங்களின் அடியில் அவ்விருவர் பெயரும் சிறிய எழுத்தில் காணப்படுகின்றன. அதுமட்டுமன்று. 1853ஆம் ஆண்டு வைட், ஓர் ஆர்க்கிட் செடியினத்துக்குக் 'கோவிந்தூவியா' என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். நம் கதை முழுவதிலும் பூவை வரைந்த தென்னாட்டுக் கை ஒன்று பூவின் பெயராகவே ஆன இடம் இதுவொன்றுதான். பின்னாளில் தாவர அறிஞர்கள் அந்த இனத்தை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டனர். ஆகவே அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. எனினும் ஒருவர் மனம் வைத்துப் பெயரை எழுதியதனால், 170 ஆண்டுகள் கழித்து நாம் அவரை அறிகிறோம். எழுதப்படாத மற்றவர்களை எங்கே போய்த் தேடுவது?

இந்த வைட்டின் வாழ்வில் இன்னொரு பகுதியும் உண்டு. 1842ஆம் ஆண்டு முதல் சுமார் பத்தாண்டுக் காலம் அவர் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் அரசுச் சோதனைக்குத் தலைமை தாங்கினார். இங்கிலாந்து ஆலைகளுக்கு ஏற்ற நீண்ட இழைப் பஞ்சு நம் மண்ணில் விளையுமா என்று காண்பதே அதன் நோக்கம். குற்றாலத்துப் பூவை அன்போடு வரையச் செய்த அதே மனிதர், நம் தறிகளோடு போட்டியிட்ட ஆலைகளுக்குப் பஞ்சு தேடும் பணியையும் செய்தார். அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. ஒரே மனிதரின் கையில் அறிவும் வணிகமும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதற்கு இது சான்று.

மாதிரித் துணிகளும் மறைந்த தொழிலும்

1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் இந்தியத் துணிகளைக் கண்ட ஆங்கில வடிவமைப்பாளர்கள், தட்டையான பரப்பில் பூவை எப்படி அமைப்பது என்பதை இவற்றிடம் கற்க வேண்டும் என்று பாராட்டினர். பாராட்டைத் தொடர்ந்து வேறொன்று வந்தது. 1866ஆம் ஆண்டு போர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி, 18 தொகுதிகளாகக் கட்டி, 20 படிகள் செய்தார். அவற்றில் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்திய மக்கள் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்பதை ஆங்கில ஆலையதிபர் தம் ஊரில் இருந்தபடியே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். துணிக்கு எண் இருந்தது. நெய்தவருக்குப் பெயர் இல்லை.

சாயவேரின் காலமும் முடிந்தது. 1856ஆம் ஆண்டு முதல் செயற்கைச் சாயம் தோன்றிற்று. 1869ஆம் ஆண்டு செயற்கைச் சிவப்பும், 1897ஆம் ஆண்டு செயற்கை அவுரி நீலமும் சந்தைக்கு வழி கண்டன. விந்தை என்னவென்றால், இதே காலத்தில் இங்கிலாந்திலேயே வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர், இயந்திரப் பூவையும் செயற்கைச் சாயத்தையும் வெறுத்து, அவுரியையும் தாவரச் சிவப்பையும் கையச்சையும் தேடிப் போனார். 1864ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பூச்சுவர்த்தாளும், 1883ஆம் ஆண்டில் அவுரியில் தோய்த்துச் செய்த பூத்துணியும் இன்றும் புகழோடு விளங்குகின்றன. அவர் வரைந்த பூவை உலகம் 'மாரிஸ் பூ' என்றே அழைக்கிறது. வரைந்தவரின் பெயரைப் பூவோடு சேர்த்துச் சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சான்றன்றோ!

நம் பக்கம் திரும்புவோம். ஆலைத்துணி வந்ததும் கைத்தறி ஒரேயடியாக மடிந்துவிட்டது என்பது முழு உண்மையாகாது. ஆலை நூலை வாங்கி நெய்து பல குடும்பங்கள் நிலைத்தன. 1880களில் பொதிகை மலையின் பாபநாசத்தில், அருவி நீரின் விசையைக் கொண்டே ஹார்வி நிறுவனத்தார் நூலாலை அமைத்தனர். குற்றாலத்துக்கு மழை தரும் அதே மலைத்தொடரின் நீர், நூற்கும் கதிர்களைச் சுழற்றிற்று. ஆனால் வருவாய் குன்றிற்று. கூலி போதாமல், கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களின் முஸ்லிம் இளைஞர்கள் கப்பலேறிச் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போயினர். முன்னோரின் துணி சென்ற அதே கடல்வழியில் பின்னோர் கூலிகளாகவும் சிறு வணிகர்களாகவும் சென்றனர்.

அவ்வாறு சென்றவர்கள் வெறுங்கையோடு வாழ்ந்துவிடவில்லை. 1941ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் அமைப்பை நிறுவினர். 1946ஆம் ஆண்டு தமிழ்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினர். 1982ஆம் ஆண்டில் மூடப்படும்வரை அப்பள்ளி தமிழ்ப் பணி ஆற்றிற்று. உமறுப் புலவரைப் போற்றிய வள்ளல் சீதக்காதி கடல் வணிகர் என்பதை நாம் அறிவோம். அக்கால மரைக்காயர் கப்பல்கள் மிளகோடு துணியும் ஏற்றியவை. துணி ஏற்றிய வணிகரின் செல்வம் காப்பியத்துக்குத் துணை நின்றது. துணி நெய்தவர்களின் மக்கள் அக்காப்பியப் புலவரின் பெயரால் பள்ளி கண்டனர். ஒரு வட்டம் நிறைவு பெற்றதுபோல் தோன்றுகிறது. வட்டத்தின் நடுவே நெசவாளரின் பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாகவே இருக்கிறது.

நாம் செய்ய வேண்டுவது

பூ எழுதும் கலை தமிழகத்தில் முற்றும் பட்டுப்போய்விடவில்லை. கும்பகோணம் வட்டாரத்தில் வழிவழியாக வந்த கருப்பூர்க் கலம்காரிக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இனிக் கைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு தென்காசி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பாண்டியர் எழுப்பிய கோபுரத்தையும் குற்றால அருவிகளையும் மறக்க மாட்டார்கள். தறிக்குழிகளை நினைவூட்ட வேண்டியவர்கள் நாம்தாம்.

நம் இல்லங்களில் இன்னும் பழைய மரப்பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் யாரோ ஒரு மூதாட்டியின் சேலையோ, வெள்ளைத் துப்பட்டியோ, கப்பலில் போய்வந்த கைலியோ மடித்த மடிப்பில் கிடக்கும். அதை எடுத்து உதறும்போது, இது யார் நெய்தது, எந்த ஊரில் வாங்கியது, யாருடைய நிக்காஹுக்கு எடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நூல் சுற்றியவர் யார், பாவு ஓடியவர் யார் என்றும் கேளுங்கள். பாவு ஓடியதிலும் நூல் சுற்றியதிலும் பெண்களின் பங்கு பெரிது. அவர்களின் பெயர்களே முதலில் மறந்துபோகின்றன. கேட்டதை ஒரு தாளில் எழுதித் துணியோடு சேர்த்து வையுங்கள். கும்பினிக் கணக்கர் செய்யாததை, வெள்ளைக்காரப் பாதிரியார் செய்யாததை, நம் வீட்டுப் பிள்ளை ஒரு மாலைப் பொழுதில் செய்துவிட முடியும்.

குற்றால மலையில் இந்த ஆண்டும் சாரல் விழும், பூக்கள் பூக்கும். அவற்றுக்கு யாரும் பெயர் எழுதி வைக்க வேண்டியதில்லை. படைத்தவன் அவற்றை அறிவான். மனிதக் கையின் உழைப்பையும் அவன் அறிவான். ஆனால் நன்றியறிதல் என்பது நம்மீது விழுந்த கடன். அந்தக் கடனைப் பெயர் சொல்லித்தான் தீர்க்க முடியும்.